எந்தக் கிதாபில் இருக்கிறது, தம்பி?

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிக்கு வந்திருப்பீர்களாயின், அந்தச் சாரலை நீங்கள் அறிவீர்கள். மழை என்று சொல்லிக் குடை விரிக்கவும் முடியாது. மழை இல்லை என்று சொல்லி மறந்திருக்கவும் முடியாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் மேலக்காற்று அதை வீதியெங்கும் தூவிக்கொண்டே இருக்கும். 1997ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அப்படிப்பட்ட ஓர் இரவில், தென்காசி மீலாது விழா மேடையொன்றில் பேசுவதற்காக நான் ஏறி நின்றேன். வயது இருபது. கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள் வீட்டு அலமாரியில் இருந்தன. அவை தந்த துணிச்சல் தலையில் இருந்தது.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு கல்வியின் சிறப்பு. சீன தேசம் வரை சென்றாயினும் கல்வியைத் தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக ஒரு சொல் வழங்கி வருவதை நீங்களும் எத்தனையோ மேடைகளில் கேட்டிருப்பீர்கள். அதை நானும் எடுத்தாண்டேன். அத்துடன் நின்றிருக்கலாம். ஆனால் கூட்டத்தின் முகத்தில் மலர்ச்சியைக் கண்டதும், இன்னும் சற்று எடை கூட்டவேண்டும் என்று நாக்கு துடித்தது. "இது புகாரி ஷரீபிலே பதிவாகியிருக்கிறது!" என்று முழங்கிவிட்டேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தந்ததில்லை. எந்த நூலிலும் நான் பார்த்ததில்லை. புகாரி என்னும் பெயருக்குள்ள கனத்தை இரவல் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். தக்பீர் முழக்கம் எழுந்தது. மேடையில் இருந்த பெரியவர்கள் தலையசைத்தார்கள்.

கூட்டம் கலைந்தபின், தறி நெய்து பிழைக்கும் முதியவர் ஒருவர் என்னருகே வந்தார். தோளில் நனைந்த துண்டு. கண்ணாடியின் ஒரு காம்பு நூலால் கட்டப்பட்டிருந்தது. "நல்லாப் பேசினே தம்பி. அது புகாரியிலே எந்தப் பாடத்துலே வருதுன்னு சொன்னா, பேரப்பிள்ளைகளுக்கு நானும் சொல்லிக் கொடுப்பேன்" என்றார். குத்திக் காட்டும் தொனி அதில் துளியும் இல்லை. உண்மையாகவே கேட்டார். நான் "பார்த்துச் சொல்கிறேன் அத்தா" என்று கூறிவிட்டு நழுவினேன்.

பார்த்தேன். ஊரிலிருந்த ஹஜ்ரத் ஒருவரிடம் சென்று கேட்டேன். அவர் புன்னகையோடு, புகாரியில் அது இல்லை என்றார். இமாம் இப்னு ஹிப்பான் அதனை அடிப்படையற்றது எனத் தள்ளினார். இப்னுல் ஜவ்ஸி இட்டுக்கட்டப்பட்டவை பற்றிய தம் தொகுப்பில் அதைச் சேர்த்தார். பைஹகீயோ, சொல் புகழ்பெற்றதுதான், அறிவிப்பாளர் தொடர்தான் பலவீனமானது என்றார். இவ்வளவையும் அவர் பொறுமையாக எடுத்துரைத்தபோது என் செவிகள் சூடேறின. அந்தச் சொல் பலவீனமானது என்பதைவிட, அதற்கு நானாக ஒரு முகவரி எழுதி ஒட்டினேனே, அதுதான் சுட்டது.

மேடையில் நின்று பேசுகிறவனை நம்பலாமா என்பதை மக்கள் எதைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள்? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டு அகன்றதில்லை. உங்கள் இல்லத்திலும் பள்ளி விழாவுக்கோ, ஜமாஅத் கூட்டத்துக்கோ, நிக்காஹ் மேடைக்கோ பேச்சு தயாரிக்கும் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

ஸஃபா குன்றும் ஏதென்ஸ் நகரும்

நம்பிக்கை பேச்சுக்கு முன்பே பிறந்துவிடுகிறது என்பதற்கு, நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸஃபா குன்றின் மீது ஏறிக் குறைஷியரை அழைத்தார்கள். செய்தியைச் சொல்வதற்கு முன் ஒரு வினாவை எழுப்பினார்கள்: இந்தப் பள்ளத்தாக்கில் குதிரைப்படை ஒன்று உங்களைத் தாக்கக் காத்திருக்கிறது என்று நான் சொன்னால் நம்புவீர்களா? ஆம், உங்களிடம் பொய்யை நாங்கள் கண்டதே இல்லை என்று அவர்கள் விடையளித்தார்கள். அதன் பின்னரே எச்சரிக்கை வந்தது. நாற்பது ஆண்டு வாழ்க்கை அந்த ஒற்றை விடைக்குப் பின்னால் நின்றது. ஆயினும் அன்றைய பேச்சை அபூலஹப் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம்பிக்கைக்குரியவர் பேசினாலும் மறுப்பவர் மறுக்கத்தான் செய்வார்; ஆனால் பொய்யர் என்று சொல்லி மறுக்க இடமிருக்காது.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் வேறொரு கோணத்தில் பார்த்தார். பேசுபவரைப் பற்றி முன்பே உள்ள பேரினால் மட்டும் நம்பிக்கை வந்தால் போதாது. அது பேச்சின் உள்ளிருந்தே விளைய வேண்டும் என்பது அவர் துணிபு. நல்லறிவு, நற்குணம், கேட்பவர்பால் நல்லெண்ணம் ஆகிய மூன்றும் பேச்சில் தெரிய வேண்டும் என்றார். இரண்டும் முரண்போலத் தோன்றலாம். எனக்கோ, ஊரறிந்த மனிதருக்கு முதல் வழியும், ஊரறியாத இளைஞனுக்கு இரண்டாம் வழியும் என்றே படுகிறது. இருபது வயதில் எனக்கு முதல் வழி இல்லை. இருந்த இரண்டாம் வழியையும் அந்தச் சாரல் இரவில் நானே அடைத்துக்கொண்டேன்.

முதல் வழிக்கு நம் வட்டாரத்திலேயே சான்று உண்டு. திருநெல்வேலி பேட்டையில் 1896ஆம் ஆண்டு பிறந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களை, மலையாளம் பேசும் மஞ்சேரித் தொகுதி மக்கள் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். தாய்மொழி வேறு, ஊர் வேறு. நாவன்மை மட்டுமே அதைச் செய்திருக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள்.

சொன்னவர் மறைவார், சொன்னது நிற்கும்

பேசுபவரின் நம்பகத்தன்மை குறித்து அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஹோவ்லண்ட், வால்ட்டர் வைஸ் என்னும் இருவர் ஓர் ஆய்வு நடத்தி 1951இல் வெளியிட்டார்கள். அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் சாத்தியமா என்பன போன்ற பொருள்களில் ஒரே கட்டுரையைச் சிலருக்கு, அணுவிஞ்ஞானி ஓப்பன்ஹைமர் போன்ற நம்பத்தக்கவர் எழுதியதாகவும், வேறு சிலருக்கு, அவர்கள் நம்பாத சோவியத் நாளேடு பிராவ்தா போன்றவற்றில் வந்ததாகவும் சொல்லிக் கொடுத்தார்கள். படித்த உடனே கேட்டபோது, நம்பத்தக்கவர் பேரில் படித்தவர்களே பெரிதும் மனம் மாறியிருந்தார்கள். இதில் வியப்பில்லை. நான்கு வாரங்கள் கழித்துக் கேட்டபோதுதான் வியப்பு. இரு சாராருக்கும் இடையே இருந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது! யார் சொன்னது என்பது செய்தியிலிருந்து கழன்றுபோக, செய்தி மட்டும் மனத்தில் தங்கிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு அந்த முதியவரின் பேரப்பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். அவர் என்னிடம் கேட்காமல் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருந்தால், என் பெயர் ஒரு மாதத்தில் மறைந்திருக்கும். "புகாரியில் இருக்கிறது" என்பது மட்டும் அந்த வீட்டில் தலைமுறைக்கும் நின்றிருக்கும். யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற தொடரைப் பற்றிக்கொண்டு நம் ஹதீஸ் கலை அறிஞர்கள் ஏன் அத்தனை பாடுபட்டார்கள் என்பதை நான் ஓரளவு உணர்ந்தது அப்போதுதான். செய்தியிலிருந்து ஆள் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அவர்கள் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினார்கள்.

குற்றாலத்தில் ஒரு குரல்

தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் சென்றால் குற்றாலம். பேரருவியில் நீராடிவிட்டுத் திரும்புகிறவர்களில் எத்தனை பேருக்கு, அவ்வூரில் ஒரு பேச்சுக்கலைஞர் வாழ்ந்து மறைந்தார் என்பது தெரியும்? ரசிகமணி டி.கே.சி. என்று அழைக்கப்பட்ட டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882 - 1954) அவர்களையே சொல்கிறேன். சட்டம் படித்தவர், வழக்கறிஞர் தொழிலில் மனம் செல்லாதவர். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் இல்லத்தின் முற்றத்தில் நண்பர்கள் கூடிக் கவிதை பேசிய கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்று பெயர். பிற்காலத்தில் குற்றாலத்தில் குடியமர்ந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி அங்கே வந்தார்கள்.

மேடை முழக்கமே பேச்சு என்று எண்ணப்பட்ட காலம் அது. டி.கே.சி. அந்த வழியில் போகவில்லை. வீட்டுத் திண்ணையில் பேசுவது போலவே பேசினார். கம்பனின் ஒரு பாடலை எடுத்துக்கொண்டால், அவசரமில்லாமல் பாடுவார், நிறுத்துவார், மறுபடியும் பாடுவார். இந்தச் சொல் இங்கே ஏன் வந்தது என்று கேட்பவரையே எண்ண வைப்பார். பண்டிதத் தமிழால் மிரட்டமாட்டார். தாம் அனுபவித்ததையே சொல்கிறார், இரவல் வியப்பு இல்லை என்று கேட்பவர் உணர்ந்தார்கள். அதனாலேயே அவரிடம் தங்களை ஒப்படைத்தார்கள். பொழுதெல்லாம் அருவி இரையும் ஊரில், உரக்கப் பேசாமல் ஒரு மனிதர் மக்களைக் கட்டிப்போட்டார் என்பது எண்ணிப் பார்க்க இனிமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் ரசிகமணியின் கதையில் ஒரு முள்ளும் உண்டு. கம்பராமாயணத்தில் பிறர் பாடல்கள் ஏராளமாகக் கலந்துவிட்டன என்று அவர் கருதினார். கலந்தது எது, கம்பனுடையது எது என்பதைத் தம் சுவை உணர்வையே உரைகல்லாகக் கொண்டு தீர்மானித்தார். பாடல்களை விலக்கினார், சொற்களைத் திருத்தினார். அவ்வாறு உருவான பதிப்புதான் ‘கம்பர் தரும் ராமாயணம்’. அன்பர்கள் மகிழ்ந்தார்கள். சுவடி ஆராய்ச்சியில் ஊறியவர்களோ அதை ஒப்பவில்லை. திருத்தியது அழகாகவே இருக்கலாம். அது கம்பன் வாக்குதான் என்பதற்கு ஏட்டில் சான்று எங்கே என்பதே அவர்களின் வினா. என் முதியவர் கேட்டதும் கிட்டத்தட்ட அதே வினாதானே! டி.கே.சி. எதையும் மறைத்துச் செய்தவர் அல்லர் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். தம் கொள்கையை வெளிப்படையாகவே கூறினார். எனவே என் செயலோடு அவர் செயலை ஒப்பிடுவது முறையாகாது. என்றாலும், குரலிலுள்ள அன்பு தரும் நம்பிக்கை ஒன்று, மூலத்தைக் காட்டுவதால் வரும் நம்பிக்கை வேறொன்று என்பதை நான் அவரிடமிருந்தே கற்றேன்.

நாகூரில் பிறந்த நீதியரசர்

இரண்டாவது வகை நம்பிக்கைக்கு நம் சமுதாயத்திலேயே தலைசிறந்த எடுத்துக்காட்டு நீதியரசர் மு.மு. இஸ்மாயில் (1921 - 2005) அவர்கள். நாகூரில் பிறந்து, சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்தவர். 1981இல் கேரள உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டபோது பதவியையே துறந்தார். சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக இருந்து பல்லாண்டுகள் கம்பனைப் பேசியவர்.

அவருடைய நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இராமகாதையைத் தொழுது கேட்கும் சபை. பேசுபவரோ ஒரு முஸ்லிம். "இவருக்கு இதில் என்ன தெரியும்?" என்று அங்கே ஒருவர் நினைக்கலாம், "இவருக்கு இதில் என்ன வேலை?" என்று இங்கே ஒருவர் நினைக்கலாம். இரு பக்கத்து ஐயத்தையும் அவர் வாதாடித் தீர்க்க முற்படவில்லை. பாடலைச் சொல்லி, அது எந்த இடத்தில் யார் கூற்றாக வருகிறது என்று காட்டி, பாடல் தரும் பொருளுக்கு அப்பால் ஓர் அடியும் வைக்காமல் நடந்தார். வாலி வதையை ஆராய்ந்து அவர் எழுதிய ‘மூன்று வினாக்கள்’ என்னும் நூல், நீதிமன்றத்தில் இரு தரப்பையும் கேட்டுப் பழகிய மனம் இலக்கியத்தை எப்படி அணுகும் என்பதற்குச் சான்று. மறைந்து நின்று அம்பெய்தது சரியா என்னும் கேள்வி பக்தர்களைச் சங்கடப்படுத்தும் கேள்வி. அதை ஒளிக்காமல், வாலியின் வழக்கை முழுமையாக முன்வைத்து ஆராய்கிறார்.

எதிர்த்தரப்பையும் எடுத்துச் சொன்னால் நம் கட்சி பலவீனப்பட்டுவிடாதா? இந்த ஐயம் பலருக்கும் உண்டு. முன்னே சொன்ன ஹோவ்லண்ட், இரண்டாம் உலகப் போரின் இறுதியில் தம் தோழர்களுடன் அமெரிக்கப் போர்வீரர்களிடையே இதையும் சோதித்தார். ஜெர்மனி வீழ்ந்தபின் ஜப்பானுடனான போர் நெடுநாள் நீடிக்கும் என்பதை வானொலிப் பேச்சாகத் தந்தார்கள். ஒன்றில் ஒரு தரப்பு மட்டும், மற்றொன்றில் இரு தரப்பும். முன்பே அக்கருத்தை உடையவர்களிடம் ஒருதரப்புப் பேச்சு நன்றாக எடுபட்டது. மாற்றுக் கருத்து உடையவர்களிடமும், கூடுதலாகப் படித்தவர்களிடமும் இருதரப்புப் பேச்சே வென்றது. நம் கூட்டங்களில் நம்மவரே நம்மவருக்குப் பேசிப் பழகிவிட்டதால்தான் ஒருதரப்பே போதும் என்று நமக்குத் தோன்றுகிறதோ என்னவோ!

இடையில் ஒரு சொல்: கோட்டாறு சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் அவர்களை நினைக்காமல் இப்பகுதியைக் கடக்க மனம் வரவில்லை. 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில், ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கவனம் செலுத்தும் சதாவதானத்தை நிகழ்த்திக் காட்டினார். அவதானத்தின் அழகே, கேட்பவர்கள் சோதிப்பதுதான். ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் ஈற்றடி கொடுப்பார், ஒருவர் முதுகில் நெல் எறிவார். சோதிக்க முழு உரிமை தந்துவிட்டு நடுவில் அமர்ந்திருந்தார் பாவலர். இராமலிங்க அடிகளின் அருட்பாவுக்காக அந்த முஸ்லிம் புலவர் மேடையில் வாதிட்டபோது சைவர்களும் செவிமடுத்தார்கள் என்றால், இந்தப் பின்னணியும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

குழாய் ஒலிபெருக்கியும் கைப்பேசியும்

நம் ஊர்க் கூட்டங்களின் உண்மையான சபை பந்தலுக்குள் மட்டும் இருப்பதில்லை. தெருமுனைக் கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி வழியாக, அடுப்படியிலும் முற்றத்திலும் இருந்து கேட்கும் தாய்மார்களே பெரும் சபை. பேசுபவரின் முகத்தையோ தொப்பியையோ மாலையையோ அவர்கள் பார்ப்பதில்லை. குரல் ஒன்றுதான் அவர்களுக்குச் சாட்சி. போன வருடம் இவர் இதே கதையில் வேறு ஊரைச் சொன்னாரே என்று மறுநாள் காலையில் கண்டுபிடிப்பவர்களும் அவர்களே. என் தாயார் அப்படிப் பல பேச்சாளர்களைத் தரம் பிரித்து வைத்திருந்தார். அந்த 1997ஆம் வருடப் பேச்சுக்கு அவர் அளித்த தீர்ப்பு: "கத்தினது கேட்டிச்சு."

இன்று நிலைமை இன்னும் கடுமையாகிவிட்டது. தென்காசி 2019இல் தனி மாவட்டமாகிவிட்டது. கூட்டத்தில் அமர்ந்திருப்பவர் கையில் கைப்பேசி வந்துவிட்டது. நீங்கள் மேற்கோளைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் தேடிப் பார்த்துவிடுகிறார். பிழை நேர்ந்தால் அது ஒலிநாடாவோடு தேய்ந்து போவதில்லை. வாட்ஸ்அப் வழியாக வளைகுடா நாடுகள் வரை போய்த் திரும்புகிறது. பயப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. சோதிக்கும் சபை கிடைத்திருப்பது, உண்மை பேசுகிறவருக்கு ஆதாயமே அன்றோ?

ஆகவே உங்கள் மகனோ மகளோ பேச்சு எழுதிக்கொண்டு வந்து காட்டினால், ஏற்ற இறக்கத்தைத் திருத்துவதற்கு முன், ஒவ்வொரு மேற்கோளுக்கும் அருகில் அது எந்த நூல், எந்தப் பகுதி என்று எழுதச் சொல்லுங்கள். இடம் தெரியாத மேற்கோளை, "கேள்விப்பட்டிருக்கிறேன்" என்று சொல்லவும் பழக்குங்கள். அந்தச் சொல்லைச் சொல்லக் குழந்தைகள் கூச்சப்படுவார்கள், பெரியவர்களே கூச்சப்படுகிறோம். எண்களைச் சொல்லும்போது தோராயம் என்றால் தோராயம் என்றே சொல்லட்டும். இஷா ஜமாஅத்துக்கு முன் முடிப்பதாகச் சொல்லியிருந்தால், அதற்குள் முடிக்கட்டும். நேரம் பற்றிக் கொடுத்த வாக்குதான் சபை முதலில் சரிபார்க்கும் வாக்கு.

1998ஆம் ஆண்டு ஜூலையில் மீலாது வந்தபோது அதே மேடையில் மீண்டும் அழைத்தார்கள். அன்றும் சாரல். ஸலாம் கூறிவிட்டு, எழுதி வைத்திருந்த தாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சென்ற ஆண்டு இதே இடத்தில் நின்று ஒரு சொல்லைப் புகாரியில் இருப்பதாகக் கூறினேன், அது புகாரியில் இல்லை, நான் பார்க்காமலே சொன்னேன், பிழை என்னுடையது என்று அறிவித்தேன். ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் கேட்டது. மேடையில் ஒருவர் என் சட்டையை மெதுவாக இழுத்தார். இதெல்லாம் எதற்கு என்பது அதன் பொருள். பந்தலின் ஓரத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் தம்ளரைக் கையில் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை என்னும் கருத்துடைய நபிமொழியை, இப்னு மாஜாவில் உள்ளது என்று சொல்லித் தொடர்ந்தேன். அன்றிரவு தக்பீர் முழக்கம் எழவில்லை. ஆனால் சாரலுக்குப் பயந்து யாரும் எழுந்து போகவும் இல்லை.

கூட்டம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்த முதியவர் வந்தார். கூடவே அரை டிரவுசர் அணிந்த பேரன். முதியவர் அவன் கையிலிருந்த பள்ளி நோட்டுப் புத்தகத்தை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பென்சிலோடு என்னிடம் நீட்டினார்.

"இப்னு மாஜான்னு சொன்னியே தம்பி, அதை இதுலே எழுதிக் கொடு. பாடத்தோட பேரும் சேர்த்து எழுது."